பல் திரும்பிய ரம்பம்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் துணி துவைத்தேன். இவருடைய சட்டை நான்கு, பேண்ட் இரண்டு. துவைத்து முடித்த பிறகும் வாளித் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. முன்பெல்லாம் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மரத்தூள் நிற்கும். சட்டைப் பையை உதறாமல் போட்டுத் தண்ணீர் போகும் துளையை அடைக்கிறீர்கள் என்று வாரம் ஒரு சண்டை நடக்கும். பிப்ரவரியில் கதவுச் சட்டத்தோடு ஏணியிலிருந்து விழுந்தார். வலது தோளில் தசை கிழிந்து ஆபரேஷன் ஆனது. அன்றிலிருந்து அந்தச் சண்டை இல்லை. வேறு சண்டைகளுக்குக் குறைவில்லை.

மத்தியானம் பட்டறை முதலாளி போன் செய்தார். இந்த மாதக் கடைசி வரைதான் இவருடைய மேசையைக் காலியாக வைத்திருக்க முடியுமாம். அதற்குப் பிறகு வேறு ஆளைப் போட்டுவிடுவாராம். "வேணும்னா கேட்ல உக்காந்து வர்ற மரத்தை எழுதிக்கோப்பா" என்றாராம்.

இவர் போனை வைத்துவிட்டு, "இருபத்தாறு வருஷம் கதவு செஞ்சவன் இனிமே கதவைத் தொறந்து மூடணுமாம்" என்றார்.  

ஜூன் 5, வியாழன்

இவர் தோளுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்துவிட்டுப் போனாள். ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டை கட்டி, இருபது தடவை இழுக்க வேண்டும், காலையும் மாலையும். தள்ளுவது மட்டும் கூடவே கூடாதாம். கதவைக்கூட இடது கையால்தான் தள்ள வேண்டுமாம். இது எப்போது சரியாகும் என்று கேட்டேன். "மெதுவாதான் அக்கா. தள்றதுக்கு இன்னும் ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்" என்றாள்.

ரம்பமும் தள்ளுவதுதான், மரத்தைச் சீவும் இழைப்புளியும் தள்ளுவதுதான். மெஷின் இருக்கிறதே என்கிறார்கள். அதையும் தள்ளித்தானே ஓட்ட வேண்டும்?

நான் வேலை பார்ப்பது பல் டாக்டர் கிளினிக்கில், டோக்கன் கொடுக்கும் மேசையில். அங்கே எக்ஸ்ரே எடுக்கும் அக்காவிடம் இதைப் புலம்பினேன். அவள் எதற்கும் போனைத்தான் திறப்பாள். வெளிநாட்டு ரம்பம் ஒன்றைக் காட்டினாள். விலை மலிவு. 'எடை மிகக் குறைவு' என்று போட்டிருந்தது. இவருடைய பழைய ரம்பம் பின்கட்டு ஆணியில் தொங்குகிறது, நல்ல கனம். லேசாக இருந்தால் இடது கையால் தள்ளலாமே என்று தோன்றியது. வாங்கிவிட்டேன்.

இவரிடம் சொன்னதற்கு, "கையில எடுத்துப் பாக்காம ஆயுதம் வாங்குவாங்களா?" என்று கேட்டார். வாங்குவார்கள். நான் வாங்கிவிட்டேனே.

ஜூன் 6, வெள்ளி

ஆர்டர் கிளம்பிவிட்டதாம். எந்த ஊரிலிருந்து என்று பார்த்தேன். பெயர் வாயில் நுழையவில்லை.

ஜூன் 16, திங்கள்

பார்சல் வந்தது. நீளமான அட்டைப்பெட்டி. பிடி ஒரு முழத்துக்கு மேல், நீளத் தடி, பிரம்பு சுற்றியது. தகடோ அட்டை மாதிரி மெல்லிசு. கூடவே ஒரு காகிதம், முழுக்க நமக்குத் தெரியாத எழுத்து.

தொடவே மாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பல்வரிசையை நிதானமாகப் பார்த்தார்.

"பல்லைத் திருப்பி வெட்டியிருக்கான்."

"அப்படின்னா?"

"பல்லு முன்னாடி பாக்கணும். இது பிடியைப் பாத்துக்கிட்டு நிக்குது. தகட்டை மாத்திப் போட்டு வெட்டிட்டான். மலிவுன்னு வாங்கினா இப்படித்தான்."

சரி, திருப்பி அனுப்பிவிடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், பழைய கட்டில் பலகையின் மேல் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். இடது கையால் இல்லை, வலது கையால்! தகடு வில்லாக வளைந்து டங்கென்றது. தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போனது.  பயந்தால் எனக்கு வாய் நீளும், அது என் ராசி.

"பொம்மை வாங்கிக் குடுத்து என்னை ஒரு மூலையில உக்கார வைக்கப் பாக்கறியா?" என்றார்.

"பொம்மை வேணாம்னா கேட்டுக்கே போங்க"ன்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிட்டேன். என்ன பண்றது இப்போ?

ஜூன் 17, செவ்வாய்

சாப்பாட்டுத் தட்டை நகர்த்தும் சத்தம்தான் பேச்சு. நல்ல வேளை, தோளில் வலி குறைந்துவிட்டது. அதுவும் நானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டது, சொல்லிக் கேட்டதில்லை.

கிளினிக்கில் கூட்டம் குறைந்த நேரத்தில் அந்தக் கடைப் பக்கத்தில் ஒரு ஸ்டார் போட்டு எழுதினேன்: 'பல் தலைகீழாக வெட்டப்பட்டுள்ளது. தகடு முதல் தடவையே வளைந்துவிட்டது. யாரும் வாங்கி ஏமாற வேண்டாம்.' தகட்டின் நடுவில் விழுந்த நெளிவைப் படம் எடுத்துப் போட்டேன். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லியும் எழுதினேன். கோபத்துக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

ஜூன் 18, புதன்

கடைக்காரனிடமிருந்து பதில். யாரோ எந்திரத்தை வைத்துத் தமிழாக்கிய தமிழ்: 'வணக்கம் அன்பான நண்பரே. பற்கள் ஆரோக்கியமாக உள்ளன. குறை இல்லை.' நான் பல் டாக்டரிடம் வேலை செய்வது இவனுக்கு எப்படித் தெரியும் என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பை ஒத்துக்கொள்ளாத வியாபாரி. எனக்கென்றே வந்து வாய்த்தான் என்று நினைத்தேன்.

நானும் விடவில்லை. எங்கள் வீட்டுக்காரர் இருபத்தாறு வருடத் தச்சர், அவருக்குத் தெரியாத பல்லா என்று கேட்டு எழுதினேன்.

ஜூன் 19, வியாழன்

வார்த்தையால் சொல்லி அலுத்துவிட்டது போலிருக்கிறது, இன்று ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். சத்தம் கிடையாது. ஏப்ரன் கட்டிய ஒரு பெண் தரையில் உட்கார்ந்து, பலகையை ஒரு காலால் மிதித்துக்கொண்டு, இதே ரம்பத்தால் அறுக்கிறாள். வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. மூன்று தடவை பார்த்தேன். ஏதோ வித்தியாசமாக இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

பிடிபட்டுவிட்டது.

காலையில் டிபன் கட்டிக்கொண்டிருந்தேன். இவர் ஜன்னல் பக்கம் நின்று ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். பதினொன்று, பன்னிரண்டு. முழங்கை பின்னால் போகிறது, நிற்கிறது, மெதுவாக முன்னால் வருகிறது. அந்த வீடியோப் பெண்ணின் கை! அவள் தள்ளவே இல்லை. ரம்பம் அவளை நோக்கி வரும்போதுதான் தூள் கொட்டியது. பல் பிடியைப் பார்த்து நிற்பது தப்பே இல்லை, அது இழுத்து அறுக்கிற ரம்பம். இருபத்தாறு வருட அனுபவம் ஒரு பார்வையில் குறை கண்டுபிடித்தது. நானும் அதை நம்பி ஊருக்கெல்லாம் எழுதிவிட்டேன்.

கையில் கரண்டியோடு நின்றுவிட்டேன். "என்ன?" என்று கேட்டார். நான்கு நாளில் அவர் கேட்ட முதல் கேள்வி. "ஒண்ணுமில்ல" என்றேன். சொன்னால் நம்பமாட்டார். பொம்மையைப் பற்றி மறுபடியும் ஆரம்பிப்பார்.

பயிற்சிப் பெண்ணுக்குப் போன் செய்து கேட்டேன். இழுக்கத் தடையில்லை, ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், வலித்தால் உடனே நிறுத்த வேண்டும் என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

பின்கட்டில் கட்டில் பலகையைப் போட்டு நானே அறுக்க உட்கார்ந்தேன். காலால் மிதித்துக்கொண்டு இழுத்தேன். நெளிந்த இடம் வரும்போதெல்லாம் சிக்கியது. ஆனாலும் அறுத்தது. நான் அறுத்த அழகைச் சொல்லக் கூடாது. பாம்பு போன தடம்தான்.

இவர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பொறுத்துப் பார்த்தார், பொறுத்துப் பார்த்தார்.

"கோடு போட்டுக்கிட்டு அறுக்க மாட்டியா? பலகைக்கு என்ன வலி வலிக்கும்!"

"தெரிஞ்சவங்க செய்யலாம். நான் தச்சர் இல்ல, தச்சர் வீட்டுக்காரி. இவ்வளவுதான் வரும்."

"குடு இப்படி."

உட்கார்ந்தார். பென்சிலால் கோடு போட்டார். தோள் பழைய பழக்கத்தில் தள்ளத்தான் போனது. "ரப்பர் பட்டை!" என்று கத்தினேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ரம்பத்தைப் பார்த்தார். இழுத்தார்.

ஒரு தடவை. இரண்டு. மூன்றாவதில் தூள் அவர் முழங்கால் மேல் விழுந்தது.  கோடு முடியும்வரை இழுத்து, துண்டு கீழே விழுந்ததும் அதை எடுத்து ஓரத்தைக் கட்டை விரலால் தடவினார். நான் உள்ளே போய்விட்டேன். அங்கே நின்றிருந்தால் அழுதிருப்பேன். எனக்கு அழுகை வந்தால் அவருக்கும் வரும்.

ஜூன் 24, செவ்வாய்

வீட்டில் அறுக்கக் கூடிய பொருள் குறைந்துகொண்டே வருகிறது. துடைப்பக் கட்டையை ஒளித்து வைத்திருக்கிறேன். நெளிவைக் கல்லின் மேல் வைத்துத் தட்டிப் பாதி நிமிர்த்திவிட்டார். பத்து நிமிடம் ஆனதும் நான் மணி அடிக்காத குறை.

ஜூன் 27, வெள்ளி

மெதுவாக வந்து, "இழைப்புளியும் இந்த மாதிரி இழுக்கறது வருமா? உன் போன்ல பாரேன்" என்றார்.

கையில் எடுத்துப் பார்க்காமலா என்று கேட்கலாம் என நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. எனக்கும் சில நேரம் புத்தி இருக்கிறது. போனில் தேடினேன். இழுக்கிற இழைப்புளியும் இருந்தது, மரத்தாலேயே செய்தது. வாங்கினோம்.

ஜூன் 30, திங்கள்

ரம்பத்தைப் பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். சட்டைப் பொத்தானை இன்று அவரே போட்டுக்கொண்டார், கடைசிப் பொத்தானைத் தவிர.

நான் கிளினிக்கில் டோக்கன் ஏழுக்குப் பதில் பதினேழைக் கூப்பிட்டேன். இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள்.

மூன்றரைக்குத்தான் இவரிடமிருந்து போன் வந்தது. முதலாளி முதலில் சிரித்தாராம். "எங்கப்பா புடிச்ச இந்தக் கோணல் ரம்பத்தை?" என்று கேட்டாராம். இவர் தரையில் உட்கார்ந்து ஒரு கதவுச் சட்டத்தின் முனையை அறுத்துப் பொருத்திக் காட்டினாராம். முதலாளி இடுக்கில் காகிதத்தை நுழைத்துப் பார்த்தாராம், நுழையவில்லையாம்.

"அப்புறம்?"

"தள்ற வேலையை மத்தவன் பாக்கட்டும், சட்டம் பொருத்தறது நீ பாருன்னார். இப்போதைக்கு அரை நாள்."

"மேசை?"

"என் மேசைதான்."

 "கேட்டுக்குப் போங்கன்னு சொன்னது தப்புதான்" என்றேன். "என்னது, கேக்கல" என்றார். நன்றாகக் கேட்டிருக்கும்.

ஜூலை 2, புதன்

அந்த ஒரு ஸ்டாரைத் திருத்தப் போனேன். நான் எழுதியது பயனுள்ளதாக இருந்தது என்று பதினான்கு பேர் அழுத்தியிருந்தார்கள். அவர்களெல்லாம் யாரோ, எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. ஐந்து ஸ்டார் போட்டு, 'இது இழுத்து அறுக்கும் ரம்பம். தள்ளியது எங்கள் தப்பு' என்று எழுதினேன். கடைக்காரன் உடனே 'நன்றி அன்பே' என்று அனுப்பினான். இவரிடம் காட்டவில்லை.

ஜூலை 12, சனி

துணி துவைத்தேன். சட்டைப் பையை உதறவே இல்லை, பாவி மனுஷன். வாளியின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தூள், தண்ணீர் போகும் துளை அடைத்துக்கொண்டது, கணுக்கால் வரை அழுக்குத் தண்ணீர். ஐந்து மாதம் கழித்து இன்று மறுபடியும் திட்டினேன். தெருவுக்கே கேட்கும்படி, வாய் வலிக்கும்வரை திட்டினேன்.