பொன்கரை தீட்டாத தட்டு

நோபல் பார்க்,
ஞாயிறு மாலை.

என் பேரன்புக்குரிய அத்தானுக்கு,

மெல்பேர்ண் குளிருக்குத் தப்பிய உங்கள் முழங்கால் சிட்னியில் சுகம் கண்டிருக்கும் என நம்புகிறேன். தொலைபேசியில் எதைக் கேட்டாலும் ‘ஓம்’, ‘பாப்பம்’ என்று முடித்துவிடுகிறீர்கள். ஆகவே இடைமறிக்க இயலாத இக்கடிதத்தை வரைகிறேன்.

எங்கள் பீங்கான் ஓவியச் சங்கத்தின் கண்காட்சிக்கு இம்முறை ‘ஆலைகள் தோன்றிய காலம்’ என்பதே பொருள். ரோசாப்பூத் தீட்டிப் பழகிய சீமாட்டிகள் திகைத்துப்போயினர். எவரிடமும் பயிலாத நானோ நூலகத்துப் புத்தகங்களைப் புரட்டி ஆராய்ந்தேன். அக்கால ஆங்கில ஓவியர்கள் இரும்புலைகளையும் புகைபோக்கிகளையும் தட்டுகளில் எத்துணை எழிலாகத் தீட்டியிருக்கிறார்கள்! புகைகூட மாலை மேகம்போல் தோன்றுகிறது. முன்னால் கனவான்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். உலையருகே உழைப்பவன் மட்டும் எறும்பளவு, அவனுக்கு முகமில்லை. அது எனக்கு ஒப்பவில்லை.

என் தட்டில் அவனைப் பெரிதாகத் தீட்டினேன். கழுத்தில் வியர்வை துடைக்கும் துவாய், சற்றே சரிந்த வலத்தோள். நம் மகள் வினுஷா கண்டதும், “அம்மா, இது அப்பாவெல்லே! இவர் எப்ப இங்கிலாந்துக்குப் போனவர்?” என்று சிரித்தாள். சங்கத் தலைவி அந்த ஆளைச் சற்றுச் சிறிதாக்கலாமே என்றார். இயலாதென்று பணிவுடன் அறிவித்தேன்.

நீங்கள் உழைத்த டண்டினோங் வார்ப்பாலையை மூடியது முதலாளிகளின் முடிவு. இவ்வீட்டில் எவரும் உங்களைச் சிறிதாக்கவில்லை. ‘வேலையில்லாதவன் வீட்டில இருந்து என்ன செய்யிறது?’ என்று நீங்களே சொல்லிக்கொண்டு, ஒரு கிழமைக்கெனச் சிட்னிக்கு, உங்கள் தமக்கை சிவனேஸ்வரி மச்சாளிடம் போனீர்கள். இரண்டு மாதமாயிற்று.

தட்டு இருமுறை சூளை கண்டுவிட்டது. உலைவாயின் செம்மை நான் எண்ணியதைவிட நன்றாய் வந்துள்ளது. விளிம்பைச் சுற்றித் தீட்டும் பொன்கரை மட்டும் மீதி. இத்தனை ஆண்டுகளும் நான் தூரிகையை அசையாது பிடிக்க, தட்டை ஒரே சீராய்ச் சுழற்றியவர் நீங்கள். வினுஷா சுழற்றிப் பார்த்தாள், கோடு தள்ளாடியது. துடைத்துவிட்டேன். மோட்டர் பூட்டிய சுழல்மேசை வாங்கலாம் என்கிறாள். வேண்டாமென்றேன்.

வெள்ளிக்கிழமை தட்டைச் சூளையிலிட வேண்டும். கரையில்லாததைச் சங்கம் ஏற்காது. தட்டைச் சுழற்றும் கை வரும்வரை பொன் குப்பியைத் திறக்கமாட்டேன். கராஜில் தட்டைச் சுழற்ற நீங்கள் அமரும் கதிரை வைத்த இடத்திலேயே இருக்கிறது.

உங்கள் கைக்கு உறுதியையும் கால்களுக்கு வீட்டு வழியையும் இறைவன் அருள்வானாக.

என்றும் தங்கள்,
யோகா