மருந்துத் தாளில் இல்லாத நோய்

ஆவணி 12, செவ்வாய்

லட்சுமி தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்து ஆறு நாள். மூச்சு தேறிவிட்டது, புத்திதான் தடுமாறுகிறது. குழாயைப் பிடுங்குகிறாள் என்று கைகளைக் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள்.

இன்று சீட்டைக் கொடுத்து மாத்திரை வாங்கிவரச் சொன்னார்கள். பெட்டிக்குள் இருந்த தாளைப் படிக்கட்டில் உட்கார்ந்து அகராதியோடு முழுக்கப் படித்தேன். மனச்சிதைவு நோய்க்கான மாத்திரை. இவளுக்கு வந்திருக்கும் தடுமாற்றத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

"ஐசியூல எல்லாரும் குடுக்குறதுதான் ஐயா," என்றார் டாக்டரம்மா.

"எல்லாரும் குடுத்தா அது ஆதாரமாயிருமாம்மா?"

"எட்டாப்பு படிச்சுட்டு டாக்டர்கிட்ட வாதாடாதீங்கப்பா," என்று மகன் பல்லைக் கடித்தான்.

"எட்டாப்புக்காரன் படிச்சத நீ ஏன்டா படிக்கல?"

டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "உறுதியான ஆதாரம் இல்லதான்யா. சிலருக்குக் கேக்குது. கையக் கட்டிப்போடுறத விட இது தேவல."

இதை முதலிலேயே சொல்ல என்ன கேடு? அதை எழுதிக் கொடுத்தால்தான் தருவேன் என்று பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பார்வை நேரத்தில் உள்ளே போனேன். மணிக்கட்டெல்லாம் கன்றிக் கிடந்தது.

"அண்ணே, கையக் கொஞ்சம் அவுத்து விடுங்க," என்றாள் என்னிடம். நாற்பத்தொரு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள்.

எழுதி வாங்காமலே மாத்திரையை டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அந்தக் கோபம்தான் அடங்கமாட்டேன் என்கிறது.