வெயில் கொன்ற மருந்து

மழை பொய்யாத தாழைநாட்டு மன்னர் பெருஞ்சேந்தனார் திருவாணையால், கல்முகைக் கோட்டைக் காவல்தலைவர் ஏனாதி நக்கனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் மதில் நிலைக்க, கிணறுகள் ஊற, குடிகள் தழைக்க.

அறிய வேண்டியது யாதெனில், சென்ற கார்காலத்தில் அரச தென்னந்தோப்பைச் சிவப்புக் கூன்வண்டு பிடித்தது. அதன் புழுக்கள் தண்டுக்குள்ளிருந்து தின்றதால், பச்சையாய் நின்ற மரங்கள் திடீரெனச் சாய்ந்தன. அப்போது கடல் கடந்து வந்த மரமருத்துவச்சி ஆதிச்சி, ஈரமண் நிறைந்த ஆறு குடங்களைக் கொணர்ந்தாள். அம்மண்ணில் நூலினும் நுண்ணிய புழுக்கள் உண்டென்றும், நீரில் கரைத்து வண்டு துளைத்த ஓட்டையில் ஊற்றினால் அவை உட்புகுந்து வண்டின் புழுக்களைக் கொல்லும் என்றும், மரத்துக்குத் தீங்கில்லை என்றும் சொன்னாள்.

தோப்புக்குப் பொறுப்பான அமைச்சர் வெண்ணாகனார், எம்மருந்தும் ஒரு பகல் கதிரவன்முன் வைக்கப்பட்ட பின்னரே தோப்புக்குள் நுழையலாம் என்ற அரண்மனை வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். ஐயா, இவை உயிருள்ளவை, வெயில் பட்டால் செத்துப்போகும் என்று அவள் மன்றாடினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செப்புத் தட்டுகளில் மண்ணைப் பரப்பிக் காயவிட்டார். பிறகு கரைத்து ஊற்றி என்ன பயன்? மரங்கள் விழுந்துகொண்டே இருந்தன. அவையில் மன்னர் வினவியபோது, தம் தலை தப்பினால் போதுமென்று, இவள் வெறும் மண்ணைக் கொணர்ந்த வஞ்சகி என வாய் கூசாமல் சொன்னார். வெயிலைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆதிச்சிக்குத் தங்கள் கோட்டையில் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

ஆனால் தோப்புக் காவலன் பூவன் சோம்பலால் ஒரு குடத்தை நிழலிலேயே விட்டு, அதை ஒன்பது மரங்களில் ஊற்றியிருந்தான். அவை ஒன்பதும் இன்று புதுக் குருத்து விட்டு நிற்கின்றன. அமைச்சர் ஓர் ஓட்டையைக் கிளறிப் பார்த்தார். உள்ளே வண்டின் புழு செங்கல் நிறமாய்ச் செத்துக் கிடந்தது. அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சீ, ஒரு சோம்பேறி காத்ததை நான் கொன்றேனே, சொன்னவளையும் சிறையில் தள்ளினேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆயினும் எட்டு நாள் மறைத்தார், கோழை! ஒன்பதாம் நாள்தான் மன்னர் காலடியில் விழுந்து யாவும் ஒப்புக்கொண்டார்.

ஆகவே ஆணை. ஓலை கண்ட கணமே ஆதிச்சியை விடுவித்துப் பல்லக்கில் அனுப்புக. இனி அவள் சொல்லும் விதமே தோப்பில் மருந்திடப்படும். அவள் தண்டனையில் எஞ்சிய காலத்தைப் பொய்யுரைத்த அமைச்சர் கழிப்பார். அவரைப் பிடிக்க ஆள் அனுப்ப வேண்டா.

இரட்டைக் குருத்து முத்திரை இடப்பட்டது.
எழுதியது வெண்ணாகன் கை.
காவலின்றிக் கொணர்ந்து, தங்கள் முன் தலைகவிழ்ந்து நிற்பவனும் அவனே. முதலில் அவளை விடுக; பிறகு இவனைப் பூட்டுக.