கழுகின் முதுகில் வெறுங்காலோடு

லாஸ் ஏஞ்சலஸ்
20-5-1971

அன்புள்ள ரேணுகாவுக்கு,

நீ நலமா? அப்பாவின் இருமல் நின்றதா? நான் சுகமே.

கேளிக்கைப் பூங்காவுக்காக நாங்கள் செய்யும் இயந்திரக் கழுகை நேற்று சோதித்தோம். முதுகில் இருவர் அமரலாம். எதிரே திரையில் மலைகள் ஓடும், கழுகு மேலே எழும்பிச் சாயும். பறப்பது போலவே இருக்கும். ஏறுமுன் ஷூவைக் கழற்றிவிட்டேன். கருட சேவை பார்த்து வளர்ந்த கால், தானாகச் செய்தது. "குளிக்கவா போறே?" என்று மேலதிகாரி சிரித்தார். பாதி உயரத்தில் கழுகு நின்றுவிட்டது. என்னைக் கீழே இறக்க வெகுநேரம் ஆனது. கவலைப்படாதே, பாதம் மட்டும்தான் விறைத்தது.

"ஏரோப்ளேன்ல நான் ஏற மாட்டேங்க. நடு ஆகாசத்துல நின்னுபூட்டா யாரு வந்து எறக்குவாங்க?" என்று, இங்கே வரச் சொன்னதற்கு எழுதியிருந்தாய். கேலியாகப் பதில் எழுத நினைத்திருந்தேன். இப்போது முடியவில்லை. அறையில் உட்காரவும் முடியவில்லை. எழுந்து எழுந்து நடக்கிறேன்.

மோர்மிளகாய் கொஞ்சம் அனுப்பு. கருட சேவையன்று பெருமாளுக்குக் குடை விரிவதை எனக்காகவும் பார்.

மறுபடி சோதனைக்குக் கூப்பிடுகிறார்கள். ஒன்று சொல்ல விட்டுப்போனது. நேற்று பக்கத்து இருக்கையில் ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டை கட்டியிருந்தார்கள். கழுகு நின்றதும் அதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

பயந்தாலும் பரவாயில்லை, வா.

உன்
சீனிவாசன்