பூட்டு கேட்ட சுழியம்

நாள் 41, 08:30

பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும் ஒன்று எப்போது இல்லாமல் போகிறது? இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கேட்டவள் கீழக்கரையில் ஆறாம் வகுப்பு படிக்கும் சஜினா. மாதம் ஒருமுறை நிலவிலிருந்து பள்ளிகளுக்குக் கணக்குப் பாடம் நடத்துவது என் பணி ஒப்பந்தத்தில் உள்ள வேலை. இந்த மாதம் முடிவிலி. அவள் அனுப்பிய ஒலிப்பதிவு: "மேடம், ஒரு முறுக்குல பாதி தின்னு, மிச்சத்துல பாதி தின்னு, இப்படியே போனா தட்டு எப்ப காலியாகும்? எங்க சார் முடிவிலியிலன்னு சொல்றாரு. அது எத்தனை மணிக்கு மேடம்?"

கணிதத்தில் எல்லை என்பதன் வரையறையை இருபத்தாறு ஆண்டுகள் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதில் 'எப்போது' என்ற சொல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

நில அதிர்வுக் கருவிகள் ஐந்தும் சரி. நிலையத்தில் நான் மட்டும். மாற்று ஆள் வரப் பன்னிரண்டு நாள். இப்போது கருவி அறைக்குப் போகிறேன்.

— மங்கையர்க்கரசி, நிலையப் பொறுப்பாளர்


நாள் 41, 10:40

கருவி அறைக்குள் அடைபட்டிருக்கிறேன்.

10:00க்குக் கம்பிகள் நுழையும் துளையில் கசிவு. கதவு தானாகப் பூட்டிக்கொண்டது; அப்படித்தான் பூட்டிக்கொள்ள வேண்டும். துளையைப் பசையால் அடைத்துவிட்டேன். அதற்குள் அறையின் காற்றழுத்தம் வெளிக்கூடத்தைவிட 256 மில்லிபார் குறைந்துவிட்டது. இரண்டு பக்கமும் சமமானால்தான் பூட்டு விடும். சமன் செய்யும் குழாயில் நிலவுத் தூசி. காற்று மயிரிழையாக வருகிறது.

காது அடைக்கிறது. மற்றபடி நலம். கையால் திறக்கும் சக்கரம் கூடத்துப் பக்கம் மட்டும்தான்.


நாள் 41, 14:10

வேறுபாடு 12:00க்கு 128. 14:00க்கு 64. இரண்டு மணிக்கு ஒருமுறை பாதியாகிறது.

சஜினா, உன் முறுக்கு.

பூமியில், தரைக்கட்டுப்பாட்டில் பெனடிக்ட் பணியில் இருக்கிறார். நாகர்கோவில்காரர், பதற்றமானால் கேலி பேசுவார். "விடுங்க மேடம், நாளைக்குக் காலையில ஒரு மில்லிபார்தான் இருக்கும். நடைமுறையில அது சுழியம்தானே?"

நடைமுறை என்ற சொல்லைப் பூட்டிடம் சொல்லிப் பாருங்கள் என்று பதில் அனுப்பினேன்.

பூட்டின் விதி ஒரே வரி: வேறுபாடு சுழியமாக இருந்தால் திற. பழைய சென்சார் ஒரு மில்லிபாருக்குக் கீழே பார்க்காது. பாதிக்கும் குறைவென்றால் சுழியம் என்று காட்டிவிடும். அதை வைத்துத்தான் விதி எழுதினார்கள். போன மாதம் அந்த முரட்டுச் சென்சாரை எடுத்துவிட்டு, ஒரு மில்லிபாரின் நூறு கோடியில் ஒரு பங்கைக் காட்டும் புதியதைப் பொருத்தினேன். எனக்குத் தோராயம் பிடிக்காது. மூன்று கடிதம் எழுதிக் கேட்டு வாங்கினேன். விதியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

விதியைத் தரையிலிருந்து மாற்ற முடியாது. கூடத்துத் திரையில் என் கட்டைவிரல் பதிய வேண்டும். தரையில் இருப்பவர்களை நம்பாமல் அந்த நிபந்தனையைப் போட்டதும் நான்.


நாள் 41, 18:00

வேறுபாடு 16.

கணக்கு. புதிய சென்சாருக்கும் ஒரு கடைசி இலக்கம் உண்டு. அதற்கும் கீழே போனால் சுழியம் காட்டும். மொத்தம் முப்பத்தெட்டு முறை பாதியாக வேண்டும். காலை பத்திலிருந்து எழுபத்தாறு மணி நேரம். நாள் 44, பிற்பகல் இரண்டு மணி.

அறையின் கரியமிலவாயு வடிகட்டி தாங்குவது அதே பத்திலிருந்து நாற்பத்து நான்கு மணி நேரம். நாள் 43, காலை ஆறு மணி.

ஆகவே முடிவிலி என்னைக் கொல்லப்போவதில்லை. எழுபத்தாறு போதும்.

மீட்புக் கலம் வர ஐந்து நாள்.

திட்ட இயக்குநரின் செய்தி: "டாக்டர், பத்திரிகைக்காரங்க கேக்கறாங்க. அமைச்சருக்கும் புரியற மாதிரி ஒரே வரியில, ஏன் கதவு திறக்கலைன்னு சொல்ல முடியுமா?"

அனுப்பியது: எவ்வளவு சிறியது ஒன்றுமில்லாததற்குச் சமம் என்று பூட்டுக்கு யாரும் சொல்லவில்லை.

"இன்னும் கொஞ்சம் நம்பிக்கையா இருந்தா நல்லா இருக்கும்" என்றார். திருத்தவில்லை.


நாள் 42, 07:15

பெனடிக்ட் நேற்றுச் சொன்ன ஒரு மில்லிபாருக்கும் கீழே: 0.16. பழைய சென்சாராக இருந்தால் அதிகாலை நான்கு மணிக்கே திறந்திருக்கும்.

தலைவலி. தண்ணீர் ஒரு லிட்டர்.

பூட்டுக்குப் பதினொரு முறை கட்டளை அனுப்பினேன். பதினொரு முறையும்: "வேறுபாடு சுழியம் அல்ல. காத்திருக்கவும்." என் மாணவர்களில் இப்படி ஒருவன் இருந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.


நாள் 42, 16:30

0.0066.

என் தங்கை சுகந்தியை இணைப்பில் கொண்டுவந்தார்கள். திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கேட்கவில்லை.

"அக்கா, டி.வி.யில ஒருத்தன் முடிவிலி முடிவிலின்னு கத்திக்கிட்டு இருக்கான். எனக்கு ஒரு எழவும் புரியல. கதவு திறக்குமா, திறக்காதா?"

அவளுக்குப் புரியும்படி சொல்ல முயன்றேன். ஒரு மீட்டர் துணியைப் பாதியாக வெட்டு. மிச்சத்தைப் பாதியாக வெட்டு. எத்தனை முறை வெட்டினாலும் கையில் ஒரு துண்டு இருக்கும்.

"இருக்காது. நாலாவது வெட்டுல கர்ச்சீப், ஏழாவதுல குப்பைக்கூடை."

கத்தரியைப் பார்க்காதே, கணக்கைப் பார் என்றேன்.

"நீ சின்ன வயசுலயே இப்படித்தான். ஒரு இட்லியக்கூடச் சரிபாதியா இல்லன்னு திருப்பிக் குடுப்ப. நான் இன்னும் துணி டேப்புலதான் அளக்கிறேன், தெரியுமா? அதுல கால் இஞ்சுக்குக் கீழ கோடே அழிஞ்சு போச்சு. உன் மெஷினை வச்சு அளந்தா ஒரு சட்டை வெளிய போகாதுக்கா. நீ ஊருக்கு வந்தா அந்தப் பழைய டேப்பைத் தூக்கிப் போட்டுராதே."

அவள் சொன்னது அவளுடைய டேப்பை. பிறகு அழுதாள். இணைப்பைத் துண்டிக்கச் சொன்னேன்.


நாள் 42, 17:05

பழைய சென்சார் தூக்கிப் போடப்படவில்லை. இந்த அறையில், மூன்றாவது இழுப்பறையில் இருக்கிறது. மேலே என் கையெழுத்தில் சீட்டு: 'பயனற்றது.'

முப்பத்தொரு மணி நேரம் அதற்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து முடிவிலியை விளக்கிக்கொண்டிருந்தேன்.


நாள் 42, 19:20

சிக்கல். புதியதில் ஆறு கம்பி, பழையதில் நான்கு. இணைப்பி பொருந்தாது. கம்பிகளைச் சீவி முறுக்க வேண்டும். சென்சார் இணைப்பு அறுபது விநாடிக்கு மேல் அறுந்தால் பூட்டு உறைந்துவிடும். பிறகு கூடத்திலிருந்துதான் விடுவிக்க முடியும். ஒரே வாய்ப்பு.

வீண் கம்பியில் பயிற்சி. 94 விநாடி. 88. 90.

பெனடிக்ட்: "மேடம், நிறங்களை நான் வாசிக்கிறேன். நீங்க யோசிக்காதீங்க, முறுக்குங்க. முறுக்குக்குத்தான் வந்து மாட்டிக்கிட்டீங்க." சிரித்தேன். தலை வெடித்தது.

71. 66. 67.

தூங்கி எழுந்து செய்யச் சொல்கிறார்கள். எழுந்திருப்பேன் என்று தோன்றவில்லை. ஆனால் இந்தக் கையால் அறுபதுக்குள் முடியாது. இரண்டு மணி நேரம் படுக்கிறேன். எழுப்பச் சொல்லியிருக்கிறேன்.


நாள் 42, 23:50

எழுப்பியிருக்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை. நேரம் போய்விட்டது

58. பிறகு 63. பிறகு 57

எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது

சஜினாவுக்கு: பதில் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள். தெரிந்த மாதிரி எழுதிவிடாதீர்கள்

நாளை திறக்கும் என்று எழுத விருப்பமில்லை. நடந்த பிறகு எழுதுகிறேன்


நாள் 43, 09:00

நடந்தது இதுதான்.

பயிற்சியில் மூன்று முறை தொடர்ந்து அறுபதுக்குள் வந்த பிறகே, 05:12க்குப் புதிய சென்சாரின் கம்பிகளை வெட்டினேன். பெனடிக்ட் நிறங்களை வாசித்தார். மூன்றாவது கம்பி நழுவியது, பல்லால் பிடித்தேன். ஐம்பத்தொன்பது விநாடி. பழைய சென்சார் 0 என்றது. அது உண்மையல்ல என்று எனக்குத் தெரியும். பூட்டுக்குத் தெரியாது. கதவு திறந்தது. கூடத்துத் தரையில் ஒரு மணி நேரம் படுத்திருந்தேன். சுகந்திக்குச் சொல்லியாயிற்று.

எழுந்ததும் விதியை மாற்றிக் கட்டைவிரல் வைத்தேன். பிறகு கருவி அறைக்குத் திரும்பினேன், என் பொருள்களை எடுக்க. வெட்டிய புதிய சென்சார் தன் மின்கலத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே காற்று. கதவு அகலத் திறந்து கிடக்கிறது. அதன் எதிரே உட்கார்ந்து நாற்பது நிமிடம் பார்த்தேன். என் மூச்சுக்கு அசைகிறது. மூச்சைப் பிடித்தால் வேறெதற்கோ அசைகிறது.

0.000000416. 0.000000390. 0.000000422.

ஒருமுறைகூடச் சுழியம் காட்டவில்லை.

எழுபத்தாறு மணி நேரம் என்ற என் கணக்கு தவறு.