மூன்றாம் ஓலை

வேப்பேரி, சென்னப்பட்டணம்
7 ஆகஸ்டு 1911

அன்புள்ள அப்பாவுக்கு மகள் ஜெபகனி எழுதிக்கொள்வது.

சனிக்கிழமையே ரங்கூன் கப்பலில் ஏறியிருக்க வேண்டியவர்கள் இன்னும் பட்டணத்திலேதான் உட்கார்ந்திருக்கிறோம். யந்திரம் பழுதாம், பதினெட்டாம் தேதிதான் புறப்படுமாம். இரண்டு ராத்திரி தங்க வந்துவிட்டு இரண்டு வாரம் தங்கினால் யாருக்குத்தான் சலிக்காது? உங்கள் மருமகனின் அண்ணன் கிருபைராஜ் வீட்டில் நல்லவேளையாக யாரும் முகம் சுளிக்கவில்லை. டிராம் வண்டியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார்கள். எனக்கு வயிற்றைப் புரட்டியது. இதற்கே இப்படி என்றால் கப்பலில் என்ன பாடு படுவேனோ.

ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. விடியுமுன்னே பெட்டியைக் கட்டி எங்களை வண்டியில் ஏற்றினீர்களே, மகளை அனுப்ப அவ்வளவு அவசரமா? ராத்திரி சோறு பொங்கிச் சாப்பிடுங்கள். பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
ஜெபகனி

பாளையங்கோட்டை
9 ஆகஸ்டு 1911

செல்ல மகள் ஜெபகனிக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

நீ நடுக்கடலில் இருக்கிறாய் என்றல்லவா நினைத்தேன்! பட்டணத்துத் தபால் முத்திரையைப் பார்த்ததும் திக்கென்றது.

இங்கே சாரல் விடவில்லை. ஆறு நிறைந்து ஓடுகிறது. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இருமல். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, தையல் வகுப்பு சாலோமி அம்மாள் குழம்பு கொடுத்தனுப்புகிறார்கள். உன்னை விசாரித்தார்கள். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

அங்கே நம் ஊர் ஆட்கள் யாரையாவது பார்த்தாயா? பார்த்தால் எழுது. வெயிலில் அலையாதே.

அப்பா,
வேதநாயகம்

வேப்பேரி
14 ஆகஸ்டு 1911

அப்பாவுக்கு,

நம் ஊர் ஆளை நேற்றுக் கோயிலில் பார்த்தேன். தேவசிகாமணி அண்ணாச்சி குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் அத்தனை பேர் முன்னால், "ஏம்மா ஜெபகனி, ஒங்கப்பாவுக்கும் சாலோமிக்கும் மொத ஓலை வாசிச்சாச்சே! நீ கல்யாணத்துக்கு நிக்காம கப்பல் ஏறுதியே?" என்று கேட்டார்கள். தெரிந்தவள்போலச் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு சபை முன்னால் வாசிப்பது எதற்கு? யாருக்காவது தடை இருந்தால் சொல்லட்டும் என்றுதானே? நான் கடலில் இருப்பேன், வாய் திறக்க மாட்டேன் என்று நாள் பார்த்தீர்களா? நேற்று இரண்டாம் ஓலையும் ஆகியிருக்கும்.

நீங்கள் கல்யாணம் செய்துகொள்வது எனக்குக் கோபமில்லை. இல்லை, அதுவும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ஊரெல்லாம் தெரிந்தபிறகு மகளுக்குத் தெரியவேண்டும் என்று நினைத்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கப்பல்.

ஜெபகனி

பாளையங்கோட்டை
16 ஆகஸ்டு 1911

என் மகளுக்கு,

நீ கேட்டதெல்லாம் நியாயம். நாற்பது பிள்ளைகளை அதட்டுகிற வாய் உன் முன்னால் வரவில்லை. சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் நான் வேண்டாம் என்று விட்டுவிடுவேன். எனக்கு அது வேண்டியிருந்தது அம்மா. அதுதான் உண்மை.

உன் அம்மா போனபிறகு ஆறு வருஷம் நீ இருந்தாய். நீயும் போகிறாய் என்றதும் வீட்டை நினைத்தே பயந்தேன். இப்போதும் பள்ளிக்கூடம் விட்டதும் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு, கடைகள் சாத்தினபிறகுதான் வந்து பூட்டைத் திறக்கிறேன்.

உனக்கு எல்லாம் தெரியும் என்றே சாலோமி நினைத்திருந்தார்கள். உன் கடுதாசியைக் காட்டினேன். படித்துவிட்டு, "கள்ளத்தனமா ஒரு வீட்டுக்குள்ள வர எனக்கு இஷ்டமில்ல. பிள்ளை வாயால சரின்னு வராம மூணாம் ஓலை வாசிக்கக் கூடாது. குருவானவர்ட்ட நானே சொல்லிருதேன்" என்றார்கள். சொல்லியும் விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வரி எழுது. மனமில்லை என்றால் எழுதவேண்டாம். புரிந்துகொள்வேன். உன்மேல் வருத்தப்பட மாட்டேன்.

அப்பா

வேப்பேரி
17 ஆகஸ்டு 1911

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் இப்போதுதான் கிடைத்தது. தந்தி கொடுக்கலாம் என்றார்கள் உங்கள் மருமகன். நம் தெருவில் தந்தி வந்தால் எழவு என்று நினைத்து அடுத்த வீட்டு ஆவுடைத்தாய் ஒப்பாரியே வைத்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன்.

ஒரு வரி எழுதிப் பார்த்தேன். "எனக்குச் சம்மதம்" என்று. படித்தபோது அதில் சம்மதமே இல்லாதமாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன்.

நாளை கப்பலில் உங்கள் மருமகன் மட்டும் போகிறார்கள். முதலில் முணுமுணுத்தார்கள், உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன், படித்துவிட்டு என் பெட்டியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். கிருபைராஜ் அத்தானுக்குக் கொஞ்ச நாள் கழித்து ரங்கூனில் வேலை இருக்கிறது, அவர்களோடு நான் போய்க்கொள்வேன். தேவசிகாமணி அண்ணாச்சி குடும்பம் நாளைச் சாயந்தர மெயிலில் ஊருக்குத் திரும்புகிறது. நானும் வருகிறேன். சனிக்கிழமை காலைத் தபாலில் இது வரும், சாயந்தரம் நான் வருவேன்.

கோபம் தீர்ந்து வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். வந்து சண்டை போடுவேன். "அம்மா" என்று கூப்பிட வாய் வருமோ தெரியாது. "சித்தி" என்று ஆரம்பிக்கிறேன். அவர்களிடம் சொல்லிவிடுங்கள். குருவானவரிடமும் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் ஓலையை வாசித்துத் தடை உண்டா என்று கேட்கும்போது சபை மொத்தமும் என்னைத்தான் திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும். நான் சித்தி பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் மகள்,
ஜெபகனி