ஆணியில் மாட்டிய முள்பட்டை

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. தூரின் நகரத்து ஆலையில் ஈஸ்டருக்கு லீவு தரவில்லை என்றால் நீதான் என்ன செய்வாய்? பேத்திக்கென்று உன் அம்மா முட்டை வைத்துச் சுட்ட பொம்மை ரொட்டி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

நாய் ப்ரீனாவைப் பற்றிக் கேட்டிருந்தாய்.

நீங்கள் வருவதாகச் சொன்ன அன்று காலையிலேயே அம்மா ஆரம்பித்துவிட்டாள். "புள்ள வந்ததும் ஓடிப்போய் நாயைத்தான் கட்டிக்கும். அது கழுத்துல இருக்கற அந்த இரும்பு முள்பட்டை குத்தும், கழட்டுங்க. ஒரு நாள்ல ஓநாய் வந்து கடிச்சிடப் போகுதாக்கும்!" கழற்றி ஆணியில் மாட்டினேன்.

சாயங்காலம்வரை ப்ரீனா பஸ் வரும் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஆட்டுப்பட்டிக்குக் காவலுக்குப் போய்விட்டது. காலை பஸ்ஸிலாவது வந்துவிடுவீர்கள் என்று நான் பட்டையைத் திரும்ப மாட்டவில்லை.

அன்று ராத்திரி ஓநாய்கள் வந்தன. ஆடு ஒன்றுகூடக் குறையவில்லை. ப்ரீனாவுக்குக் கழுத்தில் மட்டும்தான் காயம். வாதுமை மரத்தடியில் புதைத்தேன். குழந்தையிடம், வயதாகிச் செத்துப்போனது என்று சொல்.

இப்போது அந்தப் பட்டை ப்ரீனாவின் குட்டியின் கழுத்தில் தொளதொளவென்று தொங்குகிறது. அடுத்த முறை வருவதென்றால் முன்கூட்டி எழுதாதே. வாசலில் வந்து நின்று கூப்பிடு. அப்புறம் கழற்றுகிறேன்.

உன் அப்பா